மலைக்காற்றா, பக்கத்து வீடா?

மதிப்பிற்குரிய நடுவர் ஐயா அவர்களே! மலையையும் மேகத்தையும் பற்றிப் பேசி, இந்தப் புழுக்கத்திலும் எங்களுக்குக் குளிரெடுக்க வைத்துவிட்டுப் போன எதிரணி நண்பரே! கையில் விசிறியோடு எங்களைக் கேட்டுக்கொண்டிருக்கிற திருநாவலூர்த் தாய்மார்களே, பெரியோர்களே! வீட்டில் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் அன்பர்களே!

பணி ஓய்வுக்குப் பிறகு குடியிருக்கச் சிறந்தது குளுகுளு மலையூரா, சமவெளிச் சிற்றூரா என்பது தலைப்பு. சமவெளிச் சிற்றூரே என்று பேச வந்திருக்கிறேன். மேடைக்கு வந்ததிலிருந்து நாலு தடவை முகம் துடைத்தாகிவிட்டது. கேமராக்காரத் தம்பி அதையும் விடாமல் பிடித்துவிட்டார். எதிரணிக்கு அதுவே ஒரு சாட்சி. (சிரிப்பு)

அதனால் வெயிலிலிருந்தே தொடங்குகிறேன். எங்க ஊரில் வெயிலே இல்லைன்னு நான் சொன்னா, இங்கே உட்கார்ந்திருக்கிற அம்மா விசிறியாலேயே என்னை அடிப்பாங்க. அக்கினி நட்சத்திரத்தில் நாற்பது டிகிரியைத் தொடுகிற நாள் இந்தப் பக்கத்தில் உண்டு. அது வயசானவர்களுக்கு விளையாட்டு இல்லை ஐயா. வயசு ஏற ஏறத் தாகம் எடுப்பது குறைந்துபோகும். உடம்புக்குத் தண்ணி தேவைப்படும், வாய் கேட்காது. வேர்ப்பதும் குறையும், அதனால் சூடு வெளியே போகாது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பலருக்கு, அந்த மாத்திரையே உப்பையும் நீரையும் வெளியே தள்ளுகிற வகை. மத்தியானம் ரேஷன் கடை வரிசையில் நின்ற பெரியவர் சுருண்டு விழுகிறார் என்றால் காரணம் இதுதான். நண்பர் இதைச் சொன்னார். சரியாகத்தான் சொன்னார். அதில் எனக்குச் சண்டை இல்லை.

ஆனால் மருந்தாக அவர் மலையை எழுதிக் கொடுத்தார் பாருங்க, அங்கேதான் சண்டை.

கணக்குப் போடுவோம். ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்று சுமார் ஆறரை டிகிரி குளிரும். இது பூகோளப் பாடம். இதே மாவட்டத்தில் கல்வராயன் மலை இருக்கிறது. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் தாண்டி ஏறினால் வெள்ளிமலை. மூவாயிரம் அடி என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய ஆறு டிகிரி குறையும். இங்கே நாற்பது என்றால் அங்கே முப்பத்துநாலு. ஆக, ஆயுசு முழுக்கச் சேர்த்த கிராஜுவிட்டி, பி.எஃப்., கம்யூட்டேஷன் எல்லாவற்றையும் கொட்டி நாம் வாங்குவது எவ்வளவு? ஆறு டிகிரி! (சிரிப்பு)

ஆறு டிகிரி அற்பமில்லை. ஆனால் அது வருஷத்தில் எத்தனை நாளைக்குத் தேவை? பங்குனிக் கடைசியிலிருந்து ஆனி வரைக்கும். மூணு மாசம். மீதி ஒன்பது மாசத்துக்கு? மார்கழியில் மலைமேல் விடியற்காலையில் எழுந்திருக்கிற பாட்டியின் முழங்காலைக் கேட்டுப் பாருங்க. குளிரில் ரத்தக்குழாய் சுருங்கும், அழுத்தம் ஏறும், மூச்சு இழுக்கிறவங்களுக்கு இழுப்பு கூடும். வெயிலுக்கு மட்டும்தான் முதுமையின்மேல் கோபம் என்று நண்பர் நினைக்கிறார். குளிருக்கும் உண்டு ஐயா.

நம்ம நாட்டில் மலையூர்களைக் கண்டுபிடித்தவர்கள் யார்? 1819-ல் கோயமுத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் நீலகிரிக்கு ஏறினார். 1845-ல் மதுரையிலிருந்த அமெரிக்க மிஷன்காரர்கள், காய்ச்சலில் தங்கள் ஆட்கள் செத்துப்போவதைப் பார்த்துக் கொடைக்கானலில் வீடு கட்டினார்கள். பனி நாட்டில் பிறந்தவர்கள், அவர்களுக்கு நம்ம வெயில் ஆகவில்லை. அவர்கள்கூட என்ன செய்தார்கள்? கோடைக்குப் போனார்கள், திரும்பி வந்தார்கள். சென்னை ராஜதானி அரசாங்கமே கோடையில் ஃபைலைக் கட்டிக்கொண்டு ஊட்டிக்குப் போகும், கோடை முடிந்தால் இறங்கிவிடும். இங்கிலீஷ்காரன் சீசனுக்குப் போன இடத்துக்கு, திண்டிவனத்துக்காரர் நிரந்தரமாகப் போகணுமாம்! (கைதட்டல்)

நண்பர் இன்னொன்று சொன்னார். "இந்தத் திருநாவலூரில் பிறந்த சுந்தரரே கடைசியில் கயிலை மலைக்குத்தானே போனார்? அதைவிடக் குளிர்ந்த இடம் உண்டா?" என்று கேட்டார். நீங்களும் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன், நல்ல வாதம். ஆனால் ஐயா, சுந்தரரை அழைத்துப் போக வெள்ளை யானை வந்தது. நமக்கு வருவது வெள்ளிமலை பஸ்! (பலத்த சிரிப்பு, கைதட்டல்) அதுவும் அவர் பதினெட்டு வயசில் போனதாகச் சொல்வார்கள். அறுபது வயசு ரிட்டயர்மெண்டுக்கு அந்தக் கணக்கு ஆகாது.

அவர் கதையிலேயே எனக்கும் ஒரு சாட்சி இருக்கிறது. சுந்தரருக்குப் பார்வை போன கதை தெரியும் அல்லவா? திருவொற்றியூரில் சங்கிலியாரிடம் கொடுத்த சத்தியத்தை மீறினதால் கண் போனது. ஒரு கண் காஞ்சிபுரத்தில் கிடைத்தது. இன்னொரு கண்ணுக்குத் திருவாரூர் வரைக்கும் போக வேண்டி வந்தது. இன்றைக்கும் கண்புரைக்கு டாக்டர் என்ன சொல்கிறார்? "இந்தக் கண்ணு இப்போ, அந்தக் கண்ணு அப்புறம்." (சிரிப்பு) ரெண்டு தடவை போகணும், நடுவில் சொட்டு மருந்துக்குப் போகணும், திரும்பச் சோதனைக்குப் போகணும். ஒவ்வொரு தடவையும் கொண்டை ஊசி வளைவில் இறங்கி ஏறணும். கொல்லிமலைப் பாதையில் எழுபது வளைவு. கண் தெரிந்து இறங்கினாலே தலை சுற்றும்!

சாட்சி இன்னொன்றும் உண்டு. அது இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லவே வேண்டாம். புத்தூரில் சுந்தரர் கல்யாணத்தை நிறுத்த சிவபெருமான் எந்த வடிவத்தில் வந்தார்? கிழவராக வந்தார். கையில் தடி, ஓலை. "நீ எனக்கு அடிமை" என்று வழக்குப் போட்டார். வழக்கு எங்கே நடந்தது? பக்கத்தில் திருவெண்ணெய்நல்லூரில். சபையார் கிழவரைப் பார்த்து, "இந்த ஊர்தான் என்கிறீரே, உம்ம வீடு எங்கே, காட்டும்" என்றார்கள். கிழவர் விறுவிறு என்று நடந்து கோயிலுக்குள் போய் மறைந்துவிட்டார்.

அதைப் பக்தியாகத்தான் நாம் கேட்டிருக்கிறோம். நான் இன்றைக்குத் தலைப்புக்காகக் கேட்கிறேன். சாமியே வயசான வேஷம் போட்டபோது என்னென்ன வைத்துக்கொண்டார்? நடந்து போகிற தூரத்தில் வீடு. கூப்பிட்டால் கூடுகிற ஊர். வழக்கென்றால் உட்கார்ந்து கேட்க நாலு பேர். கயிலாயம் சொந்த மலை ஐயா அவருக்கு! கிழவராக வந்தபோது விலாசம் கொடுத்தது சமவெளியில்! (நீண்ட கைதட்டல்)

சரி, சிரித்தது போதும். கொஞ்சம் கஷ்டமான விஷயத்துக்கு வருகிறேன்.

எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருத்தர் தாலுக்கா ஆபீசில் வேலை பார்த்தார். பேர் வேண்டாம், ஊரும் வேண்டாம். முப்பத்தைந்து வருஷம் ஃபேனுக்குக் கீழே வேர்த்து வேர்த்து ஃபைல் பார்த்தவர். ரிட்டயர் ஆனதும், சொந்த ஊரில் இருந்த வீட்டை விற்றுவிட்டு ஒரு மலையூரில் வீடு வாங்கினார். நல்ல வீடு. ஜன்னலைத் திறந்தால் மேகம் உள்ளே வரும். போனவர்கள் எல்லாரும், "ஆகா, கொடுத்து வைச்சவங்க"ன்னு சொல்லிட்டு, டீ குடிச்சிட்டு, சாயங்காலமே இறங்கிட்டாங்க. அவருக்குச் சந்தோஷம். காலையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நடப்பார்.

அந்த அம்மாவுக்கு? அவங்களுக்கு ரிட்டயர்மெண்ட் ஏது நடுவர் ஐயா! அங்கேயும் அதே அடுப்பு, அதே பாத்திரம். கூடவே ஈரத்துணி நாலு நாளைக்குக் காயாது, உப்பு ஜாடியில் தண்ணி விடும், பருப்பு பூஞ்சை பிடிக்கும். சரிவில் சிலிண்டரைத் தூக்கி வர ஆள் தேடணும். இதெல்லாம் அந்த ஜன்னல் மேகத்தில் தெரியாது.

நாலு வருஷம். ஒரு ராத்திரி ரெண்டு மணிக்கு அவருக்கு நெஞ்சு வலித்தது. 108-க்குப் போன் பண்ணினார்கள். வண்டியும் வந்தது. குறை சொல்ல மாட்டேன், 2008-லிருந்து எத்தனையோ உயிரைக் காப்பாற்றின வண்டி அது. ஆனால் மலைப்பாதையில் பனி, வளைவு. வண்டி மெதுவாகத்தான் இறங்க முடியும். மாரடைப்பு மெதுவாக வராதே ஐயா. அடிவாரம் வந்து சேர்ந்தபோது அவர் இல்லை.

அதற்கப்புறம் அந்த அம்மா தனியா அந்த வீட்டில் ஏழு மாசம் இருந்தாங்க. பிறகு வந்த விலைக்கு விற்றுவிட்டு இறங்கினார்கள். எங்கே இறங்குவது? சொந்த ஊர் வீடுதான் விற்றாயிற்றே. இப்போது மகளோடு மூணாவது மாடி ஃப்ளாட்டில் இருக்கிறார்கள். ஒரு தடவை பார்க்கப் போனபோது கேட்டேன், "மலையில எப்படிம்மா இருந்துச்சு?" என்று. அவங்க சொன்னாங்க: "காத்து நல்லா இருந்துச்சும்மா. பேசத்தான் ஆளில்ல."

(அரங்கில் அமைதி)

ஐயா, ஓய்வுக்கு ஊர் தேடும்போது நாம் ரெண்டு பேருக்கு ஊர் தேடுகிறோம். புருஷன், பெண்டாட்டி, ரெண்டு நாற்காலி, நடுவில் காபி. ஆனால் கடைசியில் அந்த ஊரில் வாழப்போவது ஒருத்தர்தான். அந்த ஒருத்தர் பெரும்பாலும் யார்? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், நம் நாட்டில் அறுபது தாண்டின பெண்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் கணவனை இழந்தவர்கள். அதே வயசு ஆண்களில் மனைவியை இழந்தவர்கள் ஆறேழு பேருக்கு ஒருத்தர். புருஷனுக்கு வயசு கூட, பெண்ணுக்கு ஆயுசு கூட. இந்தக் கணக்கு தெரிந்துகொண்டே ஊரை அவர் ஒருத்தரின் வேர்வையை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் எப்படி? வீடு பார்க்கப் போகிற அண்ணன்மார்களே, நீங்க இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் அந்த வாசலில் உங்க சம்சாரம் யாரோட பேசுவாங்கன்னு அந்தத் தெருவில் நின்னு பாருங்க. அதைப் பார்த்துட்டு அட்வான்ஸ் குடுங்க! (கைதட்டல்)

"மலையிலும் மனுஷங்க இருக்காங்களே" என்பார் எதிரணித் தலைவர். இருக்காங்க. கல்வராயன் மலையில் தலைமுறை தலைமுறையாக மலையாளிப் பழங்குடி மக்கள் இருக்கிறார்கள். கடுக்காய், தேன், சாமை, மரவள்ளி, எல்லாம் அவர்கள் உழைப்பு. 1976 வரைக்கும் அந்த மலை ஜாகிர்தார்கள் கையில் இருந்தது, அப்புறம்தான் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து, இந்த மலை மக்களுக்கு ரோடு எங்கே, வைத்திய வசதி எங்கே என்று வழக்காகவே எடுத்துக் கேட்டது. அங்கேயே பிறந்து, அந்தப் பாறையெல்லாம் காலுக்குப் பழகினவர்களுக்கே ஆஸ்பத்திரி தூரமாக இருக்கிறது. அறுபது வயசில் புதுசாக ஏறுகிற நமக்கு மட்டும் எப்படிக் கிட்டே வரும்? முதலில் அவங்களுக்கு ரோடு போடட்டும். அதுக்கப்புறம் நாம காத்து வாங்கப் போகலாம்.

இந்தத் திருநாவலூரைப் பாருங்க. சென்னை – திருச்சி நெடுஞ்சாலை கூப்பிடுகிற தூரம். ஒரு பக்கம் உளுந்தூர்பேட்டை, ஒரு பக்கம் பண்ருட்டி. வளைவில்லாத ரோடு. விழுப்புரத்துக்குப் பக்கத்தில் முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி. கள்ளக்குறிச்சிக்கும் 2022 ஜனவரியில் மருத்துவக் கல்லூரி திறந்தாச்சு. கொஞ்சம் தூரமானாலும் பாண்டிச்சேரியில் ஜிப்மர். ராத்திரி ரெண்டு மணிக்கு ரோடு நேரா இருப்பதே ஒரு வைத்தியம் ஐயா!

குளிர்ச்சிக்காக ஊர் தேடினவர்கள் கதை இன்னொன்று உண்டு. பெங்களூர். மூவாயிரம் அடி உயரம், மிதமான காற்று. பென்ஷன்காரர்களின் சொர்க்கம் என்றே பேர். பென்ஷன்காரர் போனார், நல்ல காற்று என்று கேள்விப்பட்டு மற்றவர்களும் போனார்கள், கம்பெனிகள் போயின, எல்லாரும் போனார்கள். 2024 மார்ச்சில் அதே ஊரில் போர்வெல் வற்றித் தண்ணி லாரிக்குப் பின்னால் ஓடினார்கள். நல்ல சீதோஷ்ணம் மட்டுமே ஒரு ஊருக்குச் சொத்தாக இருந்தால், அந்தச் சொத்துக்குப் பங்காளி பெருகிக்கொண்டே இருப்பான். இன்னொரு வேடிக்கை. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7-லிருந்து இ-பாஸ் வந்தது, நீதிமன்ற உத்தரவு. அங்கே குடியிருக்கிறவருக்கு வேண்டாம். ஆனால் மே மாச லீவில் பேரப்பிள்ளை தாத்தாவைப் பார்க்க வெளியூரிலிருந்து காரில் வரணும்னா பாஸ் போடணும்! நம்ம ஊரில் தாத்தாவைப் பார்க்க ஒரு மிட்டாய் பாக்கெட் போதும். (சிரிப்பு)

சமவெளியில் வெள்ளமே வராதா என்று கேட்பீர்கள். வரும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் இந்த விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சிப் பக்கத்தைப் பிரட்டிப் போட்டது, இங்கே இருக்கிறவங்களுக்கு மறக்காது. அதே மழையில் ஏற்காட்டு மலைப்பாதையிலும் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. ஆற்றங்கரையிலும் ஏரி வாயிலும் வீடு வாங்காதீங்க, அவ்வளவுதான் சொல்வேன். பத்திரத்தைப் பார்ப்பதோடு, ஒரு ஐப்பசி மழையில் போய் மனையில் எவ்வளவு தண்ணி நிக்குதுன்னும் பாருங்க.

அப்ப வெயிலுக்கு என்ன பண்றது? அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாட்டி தப்பித்துப் போனதாகச் சொல்வார்கள். நம்ம வீட்டைச் சூடாக்குவது சூரியன் பாதி, நாம் பாதி. நம்ம தாத்தா நாட்டு ஓடு போட்டார், திண்ணை வைத்தார், நடுவில் முற்றம் விட்டார். நாம் என்ன செய்தோம்? திண்ணையை இடித்து கார் ஷெட் போட்டோம், முற்றத்தை மூடினோம், மேலே காங்கிரீட் தளம் போட்டோம். பகல் முழுக்க அந்தத் தளம் வெயிலைக் குடிக்கும், ராத்திரி முழுக்க நம்ம தலையில் கொட்டும். ரிட்டயர் ஆகிக் கட்டுகிறவர்களாவது கொஞ்சம் யோசிங்க. தளத்துக்கு மேலே தட்டோடு பதித்து வெள்ளையடித்தாலே உள்ளே ரெண்டு மூணு டிகிரி குறையும். மேற்குச் சுவரில் பெரிய ஜன்னல் வைக்காதீங்க, அங்கே ஒரு வேம்போ புங்கமோ நடுங்க. கீழ்வீட்டிலேயே படுக்கை, கக்கூஸ், படி இல்லாமல். மத்தியானம் பதினொன்றிலிருந்து நாலு வரை வெளியே போகாதீங்க. தாகம் எடுத்தாலும் எடுக்காட்டியும் தண்ணியோ நீர்மோரோ குடிங்க. சிறுநீரகக் கோளாறோ இதயக் கோளாறோ இருந்தா எவ்வளவு குடிக்கலாம்னு டாக்டரைக் கேட்டுக்குங்க.

இந்த ஊர்ப் பேரே மரத்தின் பேர்தானே? நாவல் மரம்தான் கோயிலுக்குத் தலமரம். மலைக்குப் போகத் தெரியாமலா அந்தக் காலத்து ஆட்கள் ஒரு மரத்து நிழலைச் சுற்றி ஊர் கட்டினார்கள்? நிழல் இருந்த இடத்தில் ஆள் கூடினார்கள், ஆள் கூடின இடம் ஊராச்சு. நாவல்பழம் சர்க்கரைக்கு நல்லது என்றும் சொல்வார்கள். அதைத் தின்றுவிட்டு மாத்திரையை நிறுத்திவிடாதீங்க, அப்புறம் முண்டியம்பாக்கம் போகணும். (சிரிப்பு)

நடுவர் ஐயா மணியில் கை வைத்துவிட்டார்கள். அரை நிமிஷம்.

மலை எனக்குப் பகை இல்லை ஐயா. சித்திரை, வைகாசியில் தாங்க முடியவில்லை என்றால் போங்க. ஏற்காட்டுக்குப் போங்க, வெள்ளிமலைக்குப் போங்க, வாடகைக்கு ஒரு அறை எடுத்து ரெண்டு பேரும் ஒரு மாசம் இருந்துட்டு வாங்க. வீடு விக்கிற காசில் நூத்தில் ஒரு பங்குகூட ஆகாது. போகும்போது வீட்டைப் பூட்டி, சாவியைப் பக்கத்து வீட்டு அம்மாகிட்டக் குடுத்துட்டுப் போங்க. "துளசிக்குத் தண்ணி ஊத்துங்கம்மா, தபால் வந்தா வாங்கி வைங்க"ன்னு சொல்லிட்டுப் போங்க. எதிரணி நண்பர் அடுத்து எழுந்ததும் ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லட்டும்: அவர் மலைவீட்டுச் சாவியை யாரிடம் கொடுத்துவிட்டு இறங்குவார்?

(பலத்த கைதட்டல்)